றூஜ் பூங்காவில் தம்பதியரின் முதல் காட்டு நடை

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலோ அருகிலுள்ள மார்க்கம் நகரிலோ ஒரு வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில் வாடகைக்குக் குடியேறி, சுகாதார அட்டைக்கும் வேலைக்குமாக அலைந்துகொண்டிருக்கும் தம்பதியருக்குக் காட்டு நடை என்பது அவசரமில்லாத காரியமாகத் தோன்றலாம். ஆயினும் வந்த முதலாண்டில் என் மனைவியும் நானும் ஆறுதலாகப் பேசிக்கொள்ளக் கிடைத்த இடம் றூஜ் பூங்காவே என்பதால், பனி விழுமுன் ஒரு சனிக்கிழமையையாவது இதற்கென ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2015ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இது, கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்காவாகும். ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரப்பில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் தொடங்கி, காடும் ஆற்றுப் பள்ளத்தாக்கும் விளைநிலங்களுமாக வடக்கே நீண்டு செல்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. முதல் தடவை போனபோது நுழைவுச்சீட்டு எங்கே வாங்குவது என்று நாங்கள் தேடினோம். அப்படி எதுவும் தேவையில்லை, நேராக உள்ளே நடக்கலாம்.

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது விஸ்ரா பாதை. ரொறன்ரோ மிருகக்காட்சிசாலைக்கு அருகில் தொடங்கும் இப்பாதை ஒரு வழிக்குச் சுமார் ஒன்றரை கிலோமீற்றர். பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்க மரத்தாலான ஒரு மேடையும் உண்டு. செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒக்ரோபர் நடுப்பகுதி வரை அந்த மேடையில் நின்றால், மேப்பிள் மரங்கள் சிவந்தும் மஞ்சளித்தும் கண்ணுக்கெட்டிய தூரம் கிடப்பதைக் காணலாம். மாஸ்ற் பாதை இதைவிட நீளமானது, மேடு பள்ளம் கூடியது. ஒருகாலத்தில் கப்பல்களின் பாய்மரங்களுக்காக வெண்பைன் மரங்களை வெட்டி இழுத்துச் சென்ற வழி என்பதால் வந்த பெயர் அது. அதை இரண்டாவது நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார் இல்லாதவர்கள் மிருகக்காட்சிசாலைக்குச் செல்லும் ரிரிசி (ரொறன்ரோ நகரப் போக்குவரத்துச் சேவை) பேருந்தில் வரலாம். ஆனால் அந்தத் தடத்தின் எல்லாப் பேருந்துகளும் அவ்வளவு தூரம் வருவதில்லை என்பதால், திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம். காரில் வருபவர்கள் மிருகக்காட்சிசாலையின் கட்டணத் தரிப்பிடத்துக்குள் நுழைந்துவிடாமல், பூங்காவுக்குரிய தரிப்பிடத்தைத் தேட வேண்டும்.

ஊரில் மாலை ஆறு மணிக்கும் வெளிச்சம் இருந்த பழக்கத்தில் இங்கே பிந்திப் புறப்படாதீர்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகிறது; டிசம்பர் தொடக்கத்தில் நாலே முக்கால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலும், செருப்புக்குப் பதிலாகக் கணுக்கால் வரை மூடும் சப்பாத்தும் போதும். விலை கூடிய மலையேற்றச் சாமான்கள் இந்தப் பாதைக்குத் தேவையில்லை. எந்தப் பாதையில் நடக்கிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரமென்றால் 911ஐ அழைத்து அந்தப் பெயரையே சொல்ல வேண்டியிருக்கும்.

பச்சையாகத் தெரிந்த எதையும் வறைக்கு ஆகுமே என்று பறிக்க வேண்டாம். பூவோ இலையோ கல்லோ, எதையும் எடுத்துச் செல்ல இங்கு அனுமதியில்லை. மேலும், ஒரு காம்பில் மூன்று இலைகளாக வளரும் நச்சுக்கொடி ஒன்று பாதையோரங்களில் உண்டு. அதன் எண்ணெய் தோலில் பட்டால் நாட்கணக்கில் அரித்துக் கொப்பளிக்கும். பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனடியாகச் சவர்க்காரமிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள்.

எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டியது உண்ணியைப் பற்றித்தான். கறுப்புக்கால் உண்ணி இந்தப் பூங்காவில் இருக்கிறது. அது லைம் நோய் எனும் பக்டீரியாத் தொற்றைப் பரப்பக்கூடியது, வெப்பநிலை நான்கு பாகையைத் தாண்டினாலே நடமாடத் தொடங்கிவிடும். இளம் உண்ணி எள்ளிலும் சிறியது. முழுநீளக் காற்சட்டை அணிந்து அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, பாதையின் நடுவிலேயே நடந்தால் பெரும்பாலும் தப்பலாம். என் மனைவியின் வெள்ளைக் காலுறையில் கபில நிறப் புள்ளியொன்று மெல்ல மேலே ஊர்வதை நாங்கள் கண்டது, காலுறை வெள்ளையாக இருந்ததனால்தான். அன்றிலிருந்து இருவரும் வெளிர்நிற உடையையே அணிகிறோம்.

வீடு வந்ததும் உடைகளை உலர்த்தியில் அதிக சூட்டில் பத்து நிமிடமாவது போட்டுவிட்டு, முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடியின் ஓரம் ஆகியவற்றை ஒருவருக்கொருவர் பார்த்துவிடுங்கள். உண்ணி கடித்திருந்தால் தீக்குச்சியால் சுடுவதோ எண்ணெய் பூசுவதோ கூடாது. கூர்முனைச் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தெடுக்க வேண்டும். குடும்ப வைத்தியர் இன்னும் கிடைக்கவில்லையே என்று தயங்கி இருந்துவிடாதீர்கள். ஒன்ராறியோவில் 2023 ஜனவரி முதல், உண்ணிக் கடிக்குப் பின் லைம் நோய் வராமல் தடுக்கும் மருந்தை மருந்தகத்திலுள்ள மருந்தாளரே எழுதித் தரலாம். உண்ணியை அகற்றி 72 மணி நேரத்துக்குள் அதை உட்கொள்ள வேண்டும் என்பதால் மறுநாளே போய்க் கேளுங்கள். பின்வரும் வாரங்களில் காய்ச்சலோ வளையம் போன்ற சிவந்த தடிப்போ தோன்றினால் வைத்தியரைத்தான் பார்க்க வேண்டும்.