மார்கழிக் குளிரை வீட்டோடு அனுபவிக்க

காவிரி டெல்டாவில் குளிர் நாள் முழுக்க நிற்பதில்லை. மார்கழியிலும் பகல் பதினொரு மணிக்கு விசிறி போடுகிற வீடுகள் உண்டு. இருக்கிற குளிர் விடியற்காலை நாலு மணியிலிருந்து ஏழரை வரைதான், அதுவும் 20 டிகிரியை ஒட்டியே. ஆனாலும் மழை ஊறின மண், வயலில் நிற்கிற தண்ணீர், தலைமேல் இறங்குகிற பனி எல்லாம் சேர்ந்து ஈரக்குளிராக உள்ளே ஏறும். போர்த்திக்கொண்டு புரண்டால் மாதமே அப்படிப் போய்விடும். அந்த மூன்றரை மணி நேரத்துக்கு வாசலில் ஒரு வேலை, அடுப்பில் ஒரு வேலை வைத்துக்கொண்டால் குளிர் தொந்தரவாகத் தெரியாது.

வாசலில் இருந்து ஆரம்பிக்கலாம். தெளிக்கிற தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். பனியே தரையை நனைத்து வைத்திருக்கும்; அதன்மேல் வாளியைக் கவிழ்த்தால் மாவு கரைந்து இழை அகலமாகப் பரவிவிடும். தெளித்துக் கூட்டிக் கால் மணி விடுங்கள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் ஈரம் தெரியவேண்டும், மண் ஒட்டக்கூடாது. அதுதான் பதம். மாவுக்குப் பச்சரிசியை ஊறவைக்காமல், ரவைக்கும் மாவுக்கும் நடுவில் நறநறவென்று திரிக்கச் சொல்லுங்கள். இடியாப்ப மாவு போல நைசாக இருந்தால் ஈரக்காற்றில் விரலிடுக்கிலேயே கட்டிதட்டும். அரிசி மாவும் வெள்ளைக் கல்மாவும் சரிபாதி கலந்தால் இழை அறாமல் விழும், எறும்புக்கும் பங்கு போகும். மாவுக் கொட்டாங்கச்சியை ராத்திரி திண்ணையில் விட்டுவிடாதீர்கள், நமத்துப்போகும்.

கோலத்து நடுவில் சாணிப் பிள்ளையார் மேல் செருகுகிற பரங்கிப்பூவைப் பறிப்பதில் பலர் கொடியைக் கெடுக்கிறார்கள். பூவின் அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருந்தால் அது பெண்பூ, தொடாதீர்கள். பறித்தால் காய் போச்சு. காம்பு நீளமாக, மெலிந்து, பிஞ்சில்லாமல் இருப்பது ஆண்பூ. அதைக் காம்போடு இரண்டு அங்குலம் விட்டுக் கிள்ளுங்கள். ஆண்பூவிலும் இரண்டு மூன்றைக் கொடியில் விட்டால்தான் காய் பிடிக்கும். பூ வெயில் ஏறினால் சுருங்கிவிடும், ஆகவே விடிகிற நேரத்திலேயே வேலையை முடிக்கவேண்டும். சாணிக்கு வைக்கோல் தின்கிற மாடு நல்லது. மழைக்கால பச்சைப்புல் தின்ற மாட்டுச் சாணி தளர்ந்து, பிள்ளையார் உட்காரமாட்டார். சாயங்காலம் உருண்டையைத் தட்டிக் கிழக்குச் சுவரில் அப்பினால் வறட்டியாகிப் பொங்கல் அடுப்புக்கு ஆகும். பனி இறங்குமுன் சாக்கைப் போட்டு மூடவேண்டும்.

இனி அடுக்களை. மார்கழியில் முதலில் மக்கர் பண்ணுவது தயிரும் மாவும். அரை லிட்டர் பாலுக்கு வெயில் காலத்தில் ஒரு டீஸ்பூன் உறை போதும் என்றால் இப்போது இரண்டு. பாலில் சுண்டுவிரலை வைத்துப் பத்து எண்ணும்வரை பொறுக்கவேண்டும், அந்தச் சூட்டில் ஊற்றுங்கள். ஆறின பாலில் ஊற்றினால் உறைய நேரமாகி நூல் விடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உறையே செத்துப்போகும். பாத்திரத்தைத் துண்டால் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டுத் தூங்கலாம். இட்லி மாவைச் சாயங்காலம் அரைப்பதை விட்டுப் பகல் ரெண்டு மணிக்கே அரையுங்கள். பிற்பகல் சூட்டில் புளிப்பு ஒருமுறை தொடங்கிவிட்டால் இரவுக் குளிர் அதை நிறுத்தாது. கடைசியாக விடுகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், உப்பு போட்டுக் கையாலேயே கலக்குங்கள். சோடா உப்பு வேண்டாம்; மாவு பொங்குமே தவிர புளிக்காது.

திருவாதிரைக் களி. இதற்காகவே மார்கழி வரட்டும் என்பார்கள், அது நியாயம்தான். பச்சரிசி ஒரு கப், பாசிப்பருப்பு கால் கப், பொடித்த வெல்லம் ஒன்றரை கப், தேங்காய்த் துருவல் அரை கப், நெய் நாலு மேசைக்கரண்டி, ஏலக்காய் நாலு, முந்திரி ஒரு கை. அரிசி பழசாக இருக்கவேண்டும். தையில் வருகிற புது அரிசி குழைந்து பசையாகிவிடும். அரிசியைப் பொரியும் வாசனை வந்து லேசாகச் சிவக்கும்வரை வறுத்து, ஆறவிட்டு, ரவையாக உடையுங்கள். பருப்பையும் வறுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை கப் தண்ணீர் கொதித்ததும் பருப்பைப் போட்டு, அது பாதி வெந்தபின் ரவையைத் தூவிக் கிளறி, சிறுதீயில் மூடி முக்கால் பதம் வேகவிடுங்கள். வெல்லத்தை அரை கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவைத்து அப்புறம் ஊற்றுங்கள். முதலிலேயே வெல்லம் சேர்த்தால் ரவை விறைத்துக்கொள்ளும், எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் நறுக்கென்று கடிபடும். தேங்காய், நெய், ஏலம், வறுத்த முந்திரி கடைசியில். பருக்கை பருக்கையாக உதிர்ந்தால் களி தேறிவிட்டது.

கூடவே ஏழுகறிக் குழம்பு. பரங்கி, அவரை, பச்சைமொச்சை, சர்க்கரைவள்ளி, சேனை, சிறுகிழங்கு, வாழைக்காய் ஏழும் இந்த மாதத்தில் சந்தையில் ஒன்றாகக் கிடைக்கும். மொத்தம் ஒரு கிலோ. சேனை நறுக்குமுன் கையில் நல்லெண்ணெய் தடவுங்கள், அரிப்பு குறையும். மொச்சை, சேனை, சிறுகிழங்கு முதலில், வாழைக்காய், வள்ளி, அவரை பிறகு, பரங்கி கடைசி. காய் முக்கால் வெந்தபின்தான் பெரிய எலுமிச்சையளவு புளியின் கரைசல். முன்னமே ஊற்றினால் கிழங்கு வேகாது. தனியா இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய் ஏழு, கடலைப்பருப்பு ஒன்று, எள் ஒன்று, தேங்காய் மூன்று மேசைக்கரண்டி, எல்லாம் வறுத்து அரைத்துச் சேருங்கள். மறுநாள் சுண்டக் காய்ச்சினதுதான் அசல் ருசி. முதல் நாள் குழம்பு வெறும் ஒத்திகை.

பாசுரம் பாடுகிற வீடுகளுக்கு ஒரு கணக்கு. திருப்பாவை 30, திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, அதுவும் 30. மார்கழிக்கு சில வருஷம் 29 நாள்தான், அப்போது கடைசி நாளில் இரண்டு. 'கூடாரை வெல்லும்' பாசுரம் பாடுகிற கூடாரவல்லி 27ஆம் நாள். அன்று அக்காரவடிசலுக்குப் பாலை முதல் நாளே சொல்லி வைக்காவிட்டால் கிடைக்காது.

தேங்காயெண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும், குறுகின வாய் பாட்டிலில் வைத்தால் காலையில் வராது. அகல டப்பாவுக்கு மாற்றுங்கள். எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய். வெயில் வந்தபின் குளித்தால் போதும், நாலு மணிக்கு வீரம் வேண்டாம்.

வடாம், அப்பளம் இப்போது போடாதீர்கள். பனியில் காயாமல் பூஞ்சை பிடிக்கும். மாசி கடைசி வரை பொறுங்கள். அதற்குள் வேதாரண்யம் பக்கத்துப் பனங்கிழங்கு வந்துவிடும்: மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் மணி வேகவைத்து, நெடுக்காகப் பிளந்து, நடுத்தண்டை எடுத்து, நார் உரித்துத் தின்பது.