கார் ஏசி காஸ் எங்கே கசிகிறது? வீட்டு முற்றத்திலேயே பார்க்கும் முறை

"ஏசி குளிருதில்லை, காஸ் அடிச்சு விடுங்கோ." சித்திரை, வைகாசி வெயிலில் யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அடித்ததும் குளிரும், சில கிழமைகளில் பழையபடி சூட்டுக் காற்று வரும். ஏசி காஸ் பெற்றோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றுவது. ரப்பர் குழாய் வழியே வருடக்கணக்கில் கொஞ்சம் போகலாம். ஆனால் சில மாதங்களிலேயே குளிர் போனால் எங்கோ லீக் இருக்கிறது. அந்த இடத்தைப் பிடிக்காமல் மறுபடி காஸ் அடிப்பது வீண் செலவு.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் கொம்பிரசர் (காஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) பெல்ட்டில் ஓடுவதில்லை, உயர் அழுத்த மின்சாரத்தில் ஓடுகிறது. செம்மஞ்சள் வயர்களைத் தொடவே வேண்டாம். அதற்குப் போடும் எண்ணெயும் வேறு. சாதாரண கார்களுக்கான லீக் தேடும் சாயத்தையோ எண்ணெயையோ ஏற்றினால் கொம்பிரசரின் மின்காப்புக் கெட்டுவிடும். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் படி 2 வரை செய்தால் போதும்.

படி 1: இது லீக்தானா?

காற்றே மெதுவாக வந்தால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிர் குறைந்தால் கொண்டென்சரின் (காஸின் சூட்டை வெளியே விடும் முன்பக்கத் தகடு) விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் லீக் இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது நிறையவே சொட்டும், பயப்பட வேண்டாம்.

படி 2: கண்ணால் தேடுங்கள்

என்னைக் கேட்டால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். காஸோடு கொம்பிரசர் எண்ணெயும் சேர்ந்தே சுற்றுகிறது. காஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும், அதில் புழுதி ஒட்டும். கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கம் ஓடும் கார் என்றால் இன்னும் வசதி: செம்மண் புழுதி எண்ணெயில் பிடித்து ஈரமான செங்கபில நிறக் கறையாகத் தெரியும். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பொனட்டைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். குழாய் மூட்டுகள், கொம்பிரசரின் பெல்ட் சக்கரத்துப் பின்பக்கம், காஸ் அடிக்கும் வாய்கள் எல்லாவற்றையும் பாருங்கள். கொண்டென்சரை விட்டுவிடாதீர்கள். அது முன்னால் இருப்பதால் ஏ9 வீதியில் தெறிக்கும் கல் எல்லாம் அதில்தான் படும். பருத்தித்துறைக் கரையிலோ தீவுப் பக்கத்திலோ இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி மட்டும் இருந்தால் அது அரிப்பு; அங்கே எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 3: சவர்க்கார நீர்

பாத்திரம் கழுவும் லிக்விட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து ஸ்பிரே போத்தலில் ஊற்றுங்கள். எஞ்சின் நிறுத்தியே இருக்கட்டும். உள்ளே திரவக் காஸ் மிச்சம் இருந்தால் அழுத்தம் தானாகவே போதுமான அளவு இருக்கும். சந்தேகமான மூட்டுகளில் அடித்துவிட்டுச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பெரிய லீக் உடனே குமிழி விடும், சிறியது மெல்ல மெல்ல வெண்நுரையாகத் திரளும். மின் பிளக்குகளில் நீர் படக்கூடாது.

காஸ் அடிக்கும் வாயின் மூடியைக் கழற்றி உள்ளேயும் இரண்டு சொட்டு விடுங்கள். அங்குள்ள சின்ன வால்வு தேய்ந்து கசிவது சாதாரணம். மூடி தொலைந்த கார்களில் அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 4: அழுத்தம் காட்டும் கேஜ் இருந்தால்

பொனட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் காஸ் வகையும் கிராம் அளவும் இருக்கும். ஆர்134ஏ காஸ் என்றால், கார் பல மணி நேரம் நிழலில் நின்ற பிறகு, 'எல்' (குறை அழுத்தப் பக்கம்) மூடி உள்ள வாயில் மட்டும் கேஜை மாட்டுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். இந்தக் காஸ் மைனஸ் 26 பாகையில் கொதிப்பது, பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். 30 பாகை வெப்பத்தில் 95 பிஎஸ்ஐ அளவு காட்டினால் உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று கேஜ் சொல்லாது. 30, 40 என்று காட்டினால் அநேகமாகக் காலி.

படி 5: யூவி (புற ஊதா) ஒளியில் ஒளிரும் சாயம்

ஏசி இன்னும் ஓடுகிறது, ஆனால் மேலே சொன்ன எதிலும் பிடிபடவில்லை என்றால்தான் இது. சாயத்தை ஏற்றிச் சில நாள் ஏசி போட்டு ஓட்டிவிட்டு, இருட்டினபின் யூவி டோர்ச்சும் மஞ்சள் கண்ணாடியுமாகத் தேடுங்கள். கசியும் இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். டாஷ்போர்டுக்கு உள்ளிருந்து காற்றைக் குளிரவைக்கும் எவாபரேட்டரை நேரே பார்க்க முடியாது. தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் ஒளிர்ந்தால் லீக் அங்கேதான்.

இடம் தெரிந்ததும் மூட்டைக் கழற்றிப் பார்க்க ஆசை வரும், வேண்டாம். முதலில் காஸை மெஷினால் வெளியே எடுக்க வேண்டும். ஓட்டையை அடைக்கும் திரவங்களும் வேண்டாம். அவை காஸ் அளவாகப் போகும் ஒடுங்கிய வழியான எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்துக் கூடுதல் செலவு வைக்கும். லீக்கைப் படம் பிடித்துக் கராஜில் காட்டுங்கள். ஓ-ரிங்கோ (மூட்டில் உள்ள ரப்பர் வளையம்) குழாயோ மாற்றியபின் குறைந்தது அரை மணி நேரம் வாக்குவம் போடவும் (உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கவும்), ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கு நிறுத்துக் காஸ் அடிக்கவும் கேளுங்கள். "கை வைச்சுப் பாத்தே அளவு தெரியும்" என்று சொன்னால் வேறு கராஜ் பாருங்கள்.