நமாக்வாலாந்து டெய்சி: ஒரே பூவில் இரண்டு வகை விதை

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கில், குளிர்கால மழை முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் தரையெல்லாம் ஆரஞ்சாக விரியும் காட்டு டெய்சி இது. தாவரவியல் பெயர் டைமார்ஃபோதீகா சினுவாட்டா. 'இரு வடிவக் கனி' என்பதே பெயரின் முன்பாதிக்குப் பொருள்.

காய்ந்த பூத்தலையை உள்ளங்கையில் உதிர்த்துப் பாருங்கள். நடுவட்டத்து விதைகள் தட்டையாக, அப்பளம் போல மெல்லிய விளிம்போடு இருக்கும். ஓர இதழ்களின் அடியில் விளைந்தவை குச்சி போல, முண்டும் முடிச்சுமாக இருக்கும். பதர் என்று நினைத்து இவற்றைப் புடைத்துத் தள்ளிவிடுபவர்கள் நிறையப் பேர். தள்ளாதீர்கள்! தட்டை விதை பெரும்பாலும் முதலில் முளைக்கும், மற்றது தாமதிக்கும். ஒரு மழை பொய்த்தாலும் இனம் தப்பிப் பிழைக்க இதுதான் வழி.

அறுத்த கையோடு விதைத்தால் முளைப்பு மிகக் குறைவு. காகித உறையில், ஈரம்படாமல், அடுத்த இலையுதிர்காலம் வரை வையுங்கள். அங்கே அது மார்ச் கடைசி முதல் மே வரை. ஒரு பங்கு விதையோடு பத்துப் பங்கு காய்ந்த மணல் கலந்து, முழு வெயில் விழும் மணற்பாங்கான நிலத்தில் தூவி, மேலே சில மில்லிமீட்டர் மண் மட்டும் போடுங்கள். முளைக்கும்வரை மேல்மண் காயக்கூடாது. பிறகு நீரைக் குறையுங்கள். தேங்கினால் வேர் அழுகும். தழைச்சத்து உரம் வேண்டவே வேண்டாம், இலைதான் மண்டும்.

மேகமூட்டமான நாளில் பூ மூடியிருந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். வெயில் ஏறினால்தான் திறக்கும்.