டெல்டாவில் வேன் பயணம்: எங்கே நிறுத்துவது, எப்போது கிளம்புவது

வரைபடத்தில் டெல்டா ஊர்கள் எல்லாமே பக்கம் பக்கமாகத் தெரியும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கி.மீ., அங்கிருந்து மயிலாடுதுறையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இதை நம்பி ஒரே நாளில் ஒன்பது கோயில் என்று பட்டியல் போடுகிறவர்கள்தான் மத்தியானம் ஒரு மணிக்குச் சாத்திய கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நிறுத்தங்களைத் தீர்மானிப்பவை இரண்டு: நடை சாத்தும் நேரம், கழிப்பறைகளின் எண்ணிக்கை. தூரம் அதற்கப்புறம்தான்.

பன்னிரண்டு பேர் போகும் டெம்போ டிராவலரையே எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்தினால், ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் 36 நிமிடம் போய்விடும். காலை நிறுத்தத்துக்குப் பெரிய பங்க், பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பிடம், கோயில் வாசலில் உள்ள தேவஸ்தானக் கழிப்பிடம் இவற்றில் ஒன்றை முன்கூட்டியே குறித்துவைக்கவும். டீ குடிப்பதும் டீசல் போடுவதும் அதே இடத்தில் முடிந்தால் தனியாக ஒரு நிறுத்தம் மிச்சம். கிராமச் சாலைகளில் மணிக்கு 30 முதல் 35 கி.மீ.க்கு மேல் கணக்குப் போடவே வேண்டாம்.

பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத் திறக்கும். ஆகவே காலையில் இரண்டு கோயில், மாலையில் ஒன்று. அதற்கு மேல் ஆசைப்பட்டால் எதையும் நின்று பார்க்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஏழு மணிக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பிராகாரத்துக் கல் கொதிக்கும், குழந்தைகளும் பெரியவர்களும் வெறுங்காலில் நடக்க முடியாது. ஆளுக்கொரு ஜோடி பருத்திக் காலுறை பையில் இருக்கட்டும். பிரதோஷ நாளில் நாலரையிலிருந்து ஆறு மணி வரை எந்தப் பெரிய சிவன் கோயிலிலும் நந்தியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அதைப் பார்க்கவே வருகிறோம் என்றால் சரி, இல்லாவிட்டால் அந்த நேரத்தைத் தவிர்க்கவும். சனிக்கிழமை திருநள்ளாறு, செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன் கோயில், வியாழக்கிழமை ஆலங்குடி ஆகிய மூன்றும் அந்தந்தக் கிழமையில் வேன் நிறுத்தவே இடம் கொடுக்காது.

நடுவில் கிடைக்கும் மூன்றரை மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பதில்தான் திட்டத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. தஞ்சாவூரில் பெரிய கோயிலை முடித்து, 13 கி.மீ. தள்ளியுள்ள திருவையாற்றில் ஐயாறப்பரைப் பத்தரைக்குள் தரிசித்துவிட்டு, அசோகா அல்வா வாங்கிக்கொண்டு, காவிரி ஓரமாகவே சுவாமிமலைக்கு வரலாம். அங்கே ஸ்தபதிகளின் பட்டறைகள் பகலில்தான் இயங்கும். மெழுகில் உரு செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றும் வேலை அது. கேட்டுக்கொண்டு உள்ளே போனால் காட்டுவார்கள். நாலு மணிக்கு மேல் சுவாமிநாதரையோ, கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்தையோ பார்க்கலாம். இரண்டும் வேண்டாம், ஒன்று போதும்.

அடுத்த நாள் மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு நடை சாத்தும் தொல்லை இல்லை. ஆனால் கடற்கரையில் நிழலும் இல்லை, எனவே சாப்பாட்டை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. பிறகு காரைக்கால், நாகூர் தர்கா, இரவுக்கு வேளாங்கண்ணி. அன்றைய மொத்த ஓட்டம் ஏறக்குறைய 115 கி.மீ. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. மஞ்சள் பலகை வண்டி என்றால் அந்த எல்லைக்குள் ஓட்டும் பர்மிட் இருக்கிறதா என்று வாடகை பேசும்போதே கேளுங்கள். கேட்காவிட்டால் சோதனைச் சாவடியில் ஓட்டுநரோடு வாக்குவாதம் நடக்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. நடந்து வருகிறவர்களால் சாலை நிறைந்திருக்கும், அறையும் கிடைக்காது. திரும்பும் நாளில் திருவாரூர் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் போகிறவர்கள், நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கென்று தனியாக அரை மணி நேரம் ஒதுக்கவும். சரக்கு ரயில் நின்றுவிட்டால் அந்த ஊரே நிற்கும்.

இரவு தங்க கேரவன் பூங்கா தேட வேண்டாம். டெல்டாவில் அந்த வேலையைக் கல்யாண மண்டபம் செய்கிறது: வண்டி நிறுத்த இடம், சமையல்கட்டு, ஏழெட்டுக் கழிப்பறை, காவலாள். முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு இரவுக்குக் கொடுப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதால் பேரம் பேசவும் முடியும். போனில் கேட்க வேண்டியவை: கேரியரில் மூட்டை ஏற்றிய வேன் வாசல் வளைவில் நுழையுமா, மின்சாரமும் சுத்தம் செய்யும் கூலியும் தனியா, காலை எத்தனை மணிக்குச் சாவி கொடுக்க வேண்டும். கொசுவலையும் பாயும் நம்முடையதாக இருப்பதே நல்லது.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை நிமிர்த்திக் கட்டிவைக்கவும்; வேனுக்குள் ஒருபோதும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. பன்னிரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ அரிசி. விடிகாலையில் கிளறிய புளியோதரை இரவு வரை தாங்கும். தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசைந்தால்தான் மத்தியானம் புளிக்காமல் இருக்கும். குடிநீர் ஆளுக்கு மூன்று லிட்டர், அதாவது தினமும் 20 லிட்டர் கேன் இரண்டு.

வழியில் ஓரங்கட்டும்போது ஒரு எச்சரிக்கை. வாய்க்கால் கரைச் சாலைகளில் தாருக்கு வெளியே இருப்பது களிமண். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். பின்சக்கரம் இறங்கினால் டிராக்டர் வந்து இழுத்தால்தான் உண்டு. கப்பிக்கல் போட்ட களம், பங்க், பள்ளிக்கூட வாசல் மாதிரி கெட்டியான தரையில் மட்டும் நிறுத்துங்கள். பழைய வாய்க்கால் பாலங்களில் எடைப் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறவும். ரயில்வே சுரங்கப்பாதைகள் மழையில் நிரம்பிவிடும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் அந்த வழியையே எடுக்க வேண்டாம்.

தை, மாசியில் சம்பா அறுவடை. பாதிச் சாலையில் நெல் காயும், ஓரத்தில் அடையாளத்துக்குக் கல் வரிசை இருக்கும், கொள்முதல் நிலையங்களுக்கு முன்னால் லாரிகள் நிற்கும். அந்தக் கற்கள் இருட்டில் தெரியாது. எனவே இந்த மாதங்களில் ஆறு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும்.

குளியலுக்கு ஆற்றில் இறங்குவதானால் ஊர்க்காரர்கள் இறங்கும் படித்துறையில் மட்டும். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும். தண்ணீர் வந்தபின் கல்லணை, அணைக்கரை மதகுகளுக்கு அருகே மேற்பரப்பு அமைதியாக இருந்தாலும் அடியில் இழுப்பு உண்டு. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலையும் உண்டு. பம்புசெட் ஓடும் வயலைப் பார்த்தால் உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சோப்பு நுரை வயலுக்குள் போகாத பக்கமாக நின்று குளிக்கவும்.