காமிக்ஸ் வாங்கும்போது பணம் எங்கே வீணாகிறது?

பெங்களூருவின் தமிழ் காமிக்ஸ் பிரியர்கள் சர்ச் ஸ்ட்ரீட் கடைகளில் இழக்கும் பணத்தைவிட, இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் இழக்கும் பணமே அதிகம் என்று சொல்வேன். "அரிய இதழ், ஒரே பிரதி" என்று அட்டைப்படம் ஒன்று வந்துவிட்டால் போதும், ஐம்பது வயதுக்காரர் பத்து வயதுப் பையனாகிவிடுகிறார்.

முதலில் கேட்க வேண்டியது, கதை வேண்டுமா, அந்தப் பழைய காகிதம் வேண்டுமா என்பதை. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. கதையின் ஆங்கில மூலம் 1962-இல் பிரிட்டனின் வாலியண்ட் வார இதழில் தொடங்கியது. மாயாவியைப் படிக்க ஆசைப்படுபவருக்கு மறுபதிப்பே போதும். அது தெரியாமல் பழைய பிரதிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர், படிக்கவும் பயந்து அதை உறையிலேயே வைத்திருப்பார்.

சேகரிப்புதான் நோக்கம் என்றால் அட்டையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. கம்பிப் பின் அடித்த இதழில் முதலில் கழன்று காணாமல் போவது நடுத்தாள். அதோடு நான்கு பக்கங்கள் போய்விடும். பின் துருப்பிடித்திருந்தால் சுற்றியுள்ள காகிதமும் அரித்திருக்கும். பழைய இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்புகள் மலிவாகத் தெரியும். ஆனால் ஓரம் வெட்டும்போது வசனங்களும் வெட்டுப்பட்டிருக்கலாம், அட்டைகளைக் கிழித்துவிட்டே தைத்திருக்கலாம். நடுப்பக்கம், கடைசிப் பக்கம், கம்பிப் பின் இருக்கும் இடம் மூன்றுக்கும் படம் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

புதிய தமிழ் இதழ்களில் பணம் கரைவது கூரியரில். முத்து காமிக்ஸ் வெளிவரும் சிவகாசியிலிருந்து ஒவ்வோர் இதழையும் தனித்தனியாக வரவழைத்தால் செலவு ஏறிக்கொண்டே போகும். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்கலாம். நேரில் தேடுகிறேன் என்று அவென்யூ ரோட்டுக்குப் போனால் பாடப்புத்தகங்களே அதிகம் கிடைக்கும்.

பிள்ளைகள் கேட்கும் ஜப்பானிய காமிக்ஸான மாங்காவில் கணக்கு வேறு. 'நருடோ' தொடர் 72 தொகுதிகள். மூன்று தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்த பதிப்பில் அதுவே 24 புத்தகங்கள். தொகுதி ஒன்றுக்கான விலை பெரும்பாலும் குறையும், அலமாரியிலும் இடம் மிஞ்சும். முழு வரிசையையும் முதல் நாளே வாங்குவது பேராசை. பையன் ஐந்தாம் தொகுதியிலேயே சலித்துக்கொள்ளலாம். சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் முதல் தொகுதி கிடைத்தால் அதைக் கொடுத்துப் பாருங்கள். பாதி விலைக்குப் புதிய பிரதி என்றால் சந்தேகப்படுங்கள்: மங்கிய கறுப்பு, மெலிந்த தாள், மடிப்புக்குள் மறையும் வசனம் ஆகியவை திருட்டுப் பதிப்பின் அடையாளங்கள்.

காமிக் கான் திருவிழாவுக்குப் போவது கொண்டாட்டத்துக்காக, சிக்கனத்துக்காக அல்ல. நுழைவுச்சீட்டு, பயணம், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டினால் அரங்கில் கிடைத்த தள்ளுபடி காணாமல் போய்விடும். அங்கே வாங்கத் தகுந்தவை ஓவியர்கள் தாங்களே விற்கும் சிறு வெளியீடுகள். அவற்றில் பல கடைகளுக்கு வருவதில்லை. மற்றவற்றின் விலையைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம்.