பனியாற்று ஜீப்: டயர் காற்றை எவ்வளவு இறக்குவது, எப்போது ஏற்றுவது

ஐஸ்லாந்தின் லாங்யோகுல், வாட்னாயோகுல் பனியாறுகளில் ஓடும் 38, 44 அங்குல டயர் ஜீப்புகளைப் பார்த்தால், பெரிய டயர்தான் சூட்சுமம் என்று தோன்றும். பாதிதான் உண்மை. அந்த டயரிலும் 25 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காற்றோடு வசந்தகாலப் பனியில் இறங்கினால் அச்சு வரை புதையும். லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்), டிஃப் லாக் (அச்சின் இரு சக்கரமும் சேர்ந்தே சுழல வைப்பது) எல்லாம் தெரிந்தவர்களுக்கே இந்தக் குறிப்பு.

கணக்கைப் பாருங்கள். 2,400 கிலோ வண்டி, சக்கரத்துக்கு 600 கிலோ. 25 பிஎஸ்ஐயில் ஒரு டயர் சுமார் 340 சதுர செ.மீ. பரப்பில்தான் நிற்கும். 3 பிஎஸ்ஐயில் ஏட்டுக்கணக்குப்படி 2,850. பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் நிஜத்தில் அவ்வளவு வராது, ஆனாலும் பல மடங்கு. டயர் தடம் அகலத்தில் அதிகம் கூடாது, நீளத்தில்தான் கூடும். ராணுவ டாங்கியின் தடம் மாதிரி நீண்டு பதிந்தால் சரியாக இறக்கியிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டியவை

முதலில் 0–15 பிஎஸ்ஐ கேஜ், அதாவது காற்றழுத்தமானி. 60 வரை காட்டும் சாதாரண கேஜில் 2க்கும் 4க்கும் வித்தியாசம் தெரியாது. பனியில் வண்டி நகர்வதும் நிற்பதும் அந்த இரண்டு பிஎஸ்ஐயில்தான். டிஜிட்டலைவிட முள் கேஜே மேல், குளிரில் பேட்டரி படுத்துவிடும்.

அடுத்து கம்ப்ரசர். 38 அங்குல டயர் ஏறக்குறைய 180 லிட்டர் கொள்ளும். 3லிருந்து 25க்கு ஏற்ற அதைப்போல் ஒன்றரை மடங்கு வெளிக்காற்று, அதாவது 270 லிட்டர் வேண்டும். நான்குக்கும் சேர்த்து 1,080. நிமிடத்துக்கு 30 லிட்டர் தரும் சிகரெட் லைட்டர் கம்ப்ரசர் 36 நிமிடம் இடைவிடாமல் ஓட வேண்டும். அதற்குள் சூடாகி நின்றுவிடும். 70 லிட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள். பேட்டரியிலிருந்து நேரடி வயர் இழுங்கள்.

படி 1: இறக்குதல்

ஒரேயடியாக இறக்காதீர்கள். சரளைப் பாதையில் 12–15, இறுகிய பனியில் 6–8, இளகிய பனியில் 3–4. சக்கரம் சுழன்று குழி தோண்ட ஆரம்பித்ததும் ஆக்சிலரேட்டரை விடுங்கள். பின்னால் வந்து, இன்னும் ஒரு பிஎஸ்ஐ குறைத்துவிட்டு முயலுங்கள். 5 பிஎஸ்ஐக்குக் கீழே வேகமும் வேண்டாம், ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிப்பதும் வேண்டாம்.

படி 2: உயரம் ஏறினால், இறங்கினால்

பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். கேஜ் காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. 25 பிஎஸ்ஐயில் ஒன்றரை முன்னே பின்னே ஆனால் யாருக்கும் தெரியாது. 3 பிஎஸ்ஐயில் அது பாதிக் காற்று.

1,400 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 12.4 பிஎஸ்ஐ, 400 மீட்டரில் 14. மேலே 3 என்று வைத்துவிட்டுக் கீழே வந்தால், ஒரு சொட்டுக் காற்றும் கசியாமலே கேஜ் 1.4 காட்டும். பனி விளிம்பின் கல்லில் ஒரு திருப்பம் போதும், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஏறும்போது நேர்மாறு: கீழே 3 வைத்தவர்களுக்கு மேலே 4.6 இருக்கும், "இறக்கியும் புதைகிறதே" என்று குழம்புவார்கள்.

குளிரும் இதே வேலையைச் செய்யும். 20 டிகிரி கொட்டகையில் 3 வைத்த டயர் மைனஸ் 10இல் ஏறக்குறைய 1.2க்கு வந்துவிடும். ஆகவே இறக்கும் வேலையைக் கொட்டகையில் முடிக்காதீர்கள். பனியில் அரை மணி ஓட்டிய பிறகு அளங்கள். பிறகு ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்ற இறக்கத்துக்கும் ஒருமுறை.

படி 3: டயர் ரிம்மை விட்டு வந்தால்

ஜாக்கின் அடியில் அகலமான பலகை வையுங்கள், இல்லையென்றால் ஜாக்தான் பனிக்குள் போகும். ரிம் விளிம்பில் ஒட்டிய பனியைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். மெல்லிய பனிப்படலம் இருந்தாலும் காற்று நிற்காது. டயரின் சுற்றளவில் ராட்செட் பெல்ட் கட்டி இறுக்கினால் ஓரங்கள் ரிம்மைத் தொடும். வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள், காற்று வேகமாகப் போகும். எரிதிரவம் தெளித்துக் கொளுத்தி டயரை உட்கார வைக்கும் வித்தை உண்டு. புதியவர்கள் தொடவே கூடாது.

படி 4: பனிப்பிளவு

பனிப்பிளவு என்பது பனியாற்றில் விழும் ஆழமான வெடிப்பு. டயர் எவ்வளவு அகலமானாலும் அதற்குப் பாலம் ஆகாது. ஐஸ்லாந்தின் மீட்புக் குழுவினர் வெளியிடும் பனிப்பிளவு வரைபடத்தை ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, அபாயப் பகுதியைச் சுற்றிப் போங்கள். பனியாறு நகர்ந்துகொண்டே இருப்பது. பழைய தடத்தை நம்பாதீர்கள். கோடை முடிவில் பிளவுகளை மூடிய பனிப்பாலங்கள் மெலிந்திருக்கும். கடந்தே ஆக வேண்டுமென்றால் பிளவுக்குக் குறுக்கே, செங்குத்தாக. அதன் போக்கிலேயே ஓட்டினால் நான்கு சக்கரமும் ஒரே பாலத்தின் மேல் வந்துவிடும். எதிரே வெள்ளை தவிர ஒன்றும் தெரியாவிட்டால் நின்றுவிடுங்கள். நின்றபின் பனி மூடிக்கொண்டே வரும். எஞ்சினை ஓட விடுவதானால் புகைக்குழாயைத் தோண்டித் திறந்து வையுங்கள், இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு கேபினுக்குள் வரும்.

படி 5: இழுக்க

குறைந்தது இரண்டு வண்டி. நீளும் நைலான் கயிறு 20 மீட்டருக்குக் குறையாமல், இழுக்கும் வண்டி உறுதியான பனியில் நிற்க. கயிற்றை வண்டியோடு இணைக்கும் வளையம் (ஷேக்கிள்) இரும்பில் வேண்டாம், கயிற்று ஷேக்கிள் போடுங்கள். டிரெய்லரை மாட்டும் உருண்டைக் கொக்கியில் ஒருபோதும் மாட்டாதீர்கள். உடைந்தால் குண்டு மாதிரிப் பறக்கும். வின்ச் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவி) மட்டும் இருந்து பயனில்லை, கட்ட மரமே கிடையாது. ஸ்டெப்னியைப் பனியில் ஆழமாகப் புதைத்து அதில் கட்டலாம்.

பின்சேர்க்கை

ட்யூப் போடலாமா? வேண்டாம். குறைந்த காற்றில் டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுழலும், ட்யூபும் கூடவே சுழன்று வால்வு பிய்ந்துவிடும். டயர் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் ரிம் போடுங்கள்.

கேபினில் இருந்தே காற்றை மாற்றும் குழாய் அமைப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க: கம்ப்ரசர் காற்றில் உள்ள ஈரம் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டு முள் அசையாமல் நின்றால் டயர் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. இறங்கி, கை கேஜால் அளங்கள்.