பார்ன் டோர்: மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் சுவரைப் பாருங்கள்

புதுச்சேரியில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்களும் சரி, லாஸ்பேட்டை, அரியாங்குப்பம் பக்கம் புதிதாகக் கட்டுகிறவர்களும் சரி, இப்போது தவறாமல் கேட்கிறார்கள்: "பார்ன் டோர் போடலாமா?" மேலே ஓர் இரும்புப் பட்டை, அதில் ஓடும் இரண்டு சக்கரங்கள், அவற்றில் தொங்கியபடி சுவரையொட்டி நகரும் கதவு. அமெரிக்கப் பண்ணைக் கொட்டகைகளுக்குப் போட்டது, இன்று வீட்டுக்குள் வந்துவிட்டது. திறந்தால் நடை பாதையை அடைக்காது. அகலமான வாசலுக்கு ஏற்றது. நல்ல மரம் அமைந்தால் அறைக்கே ஒரு களை வந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. அதனால்தான், புதிதாக வரும் பிள்ளைகள் எங்கள் காலத்துத் தவறுகளையே மறுபடி செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. பட்டையை ரசமட்டம் வைத்துப் பூட்டுவது, அளவைச் சரிபார்ப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாசல் அகலமே கதவு அகலம் என்று நினைப்பது

வாசல் 3 அடி என்றால் கதவையும் 3 அடிக்கே செய்துவிடுகிறார்கள். இந்தக் கதவு நிலைக்குள் உட்காராது, நிலைக்கு முன்னால் தொங்கும். நிலையின் வெளி விளிம்பிலிருந்து பக்கத்துக்கு 2 அங்குலமாவது கூடுதலாக வேண்டும். பட்டை, கதவின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆறரை அடிப் பட்டை 3 அடி 3 அங்குலக் கதவு வரைதான் சரிப்படும். அதற்கு மேல் போனால் கதவு முழுதாகத் திறக்காமல் வாசலில் கொஞ்சம் நீட்டிக்கொண்டே நிற்கும்.

எந்தச் சுவர் என்று பார்க்காமல் பட்டையை அடிப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒன்றரை அங்குலக் கனத்தில் மூன்றரைக்கு ஏழு அடி தேக்குக் கதவு 55 கிலோவைத் தொடும். அதே அளவில் 12 மி.மீ. கண்ணாடி என்றால் 70 கிலோவுக்குப் பக்கம். சாதாரணக் கதவின் எடை கீல் வழியாக நிலைக்குப் போய், நிலை வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். பார்ன் டோரில் அத்தனை எடையும் சுவரில் இறங்கிய நாலைந்து போல்ட்டில் தொங்குகிறது. ஐந்து போல்ட்டும் எடையைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும் என்றும் நினைக்காதீர்கள். சக்கரம் இரண்டே இரண்டு. எந்தப் போல்ட்டுக்கு நேராகச் சக்கரம் வருகிறதோ, அந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிக் கதவு அந்தப் போல்ட்டின் தலையில். போதாததற்குக் கதவு சுவரைவிட்டுத் தள்ளி நிற்பதால், எடை கீழே இழுப்பதோடு போல்ட்டை வெளியேயும் இழுக்கும்.

சரி, வாசலுக்கு மேல்தான் லிண்டல் கான்கிரீட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வாசலுக்கு மேல் மட்டும். பெரும்பாலான வீடுகளில் அது இருபுறமும் அரை அடி, முக்கால் அடிதான் சுவருக்குள் நீண்டிருக்கும். பட்டையின் ஒரு பாதி கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ள, மறு பாதி வெறும் கல்லில் நிற்கிறது. வீட்டில் இந்தக் கதவு பகல் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். திறந்திருக்கும்போது முழு எடையும் அந்த மறு பாதியில்! லிண்டல் சுற்றுப் பட்டையாகச் சுவர் முழுக்க ஓடும் வீடு என்றால் கவலை இல்லை. அதை மேஸ்திரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீடு. சன்னமான அந்தக் காலத்துச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, ஒன்றரை அடிக் கனச் சுவர். அவ்வளவு கனம் இருந்தால் எதையும் தாங்கும் என்று நம்பி, பழைய தேக்குக் கதவு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கதவு விழுந்துவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் படுத்திருக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். மிச்சமிருந்த போல்ட் ஒன்றைக் கையால் இழுத்தேன், வந்துவிட்டது. பின்னாலேயே சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது. ஓட்டைக்குள் விரலை விட்டால் கல்லே தட்டுப்படவில்லை. இரண்டு கல் வரிசைக்கு நடுவிலிருந்த சாந்து மூட்டில் துளை போட்டிருக்கிறார்கள். ஆங்கர் போல்ட் முறுக்க முறுக்க விரிந்து, ஓட்டையை நெருக்கித்தான் பிடிக்கும். பழைய சாந்தில் நெருக்கினால் ஓட்டைதான் பெரிதாகும்.

மாட்டிய தம்பியிடம் கேட்டால், "அண்ணே, பெட்டியிலேயே நூறு கிலோ தாங்கும்னு போட்டிருக்கே" என்றான். இந்தப் பதிலை எத்தனை பேரிடம் கேட்டாலும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. நூறு கிலோ தாங்குவது பட்டையும் சக்கரமும். உங்கள் சுவர் எவ்வளவு தாங்கும் என்று பெட்டி செய்தவனுக்கு எப்படித் தெரியும்? தேக்கா பலாவா என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். சுவரைப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள். அந்த வீட்டில் கதவின் ஓரச் சட்டம் பிளந்தது போகட்டும், வேறு சட்டம் போடலாம். வழவழவென்றிருந்த சிவப்புச் சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது. அந்தத் தரையில் ஒட்டுப் போட்டால் நிறம் சேராது, என்ன செய்தாலும் தெரியும்.

பட்டை மறைக்கப்போகும் இடத்தில் 6 மி.மீ. பிட்டால் ஒரு சோதனைத் துளை போடுங்கள். கெட்டியாக நின்று சாம்பல் நிறத் தூள் வந்தால் கான்கிரீட், ஆங்கர் போல்ட் போதும். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். மூட்டைத் தவிர்த்துக் கல்லின் நடுவில் துளையிட்டு, கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை விட்டு ஒட்டவைக்கும் போல்ட்) போடுவது நல்லது. பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் சுண்ணாம்புச் சாந்து, இல்லை ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த எடை குறைந்த சிமெண்ட் கல்). அங்கே திருகைப் பிடிக்கத் துளையில் செருகும் வெறும் ராவல் பிளக்கை நம்பவே கூடாது. ஏஏசி பிளாக் என்றால் சுவருக்கு மறுபக்கம் வரை போல்ட்டைக் கொண்டுபோய்த் தகடு வைத்து முடுக்கலாம்.

முத்தியால்பேட்டை வீட்டில் சுமையைச் சுவரிடமே கொடுக்கவில்லை. பட்டையின் இரண்டு முனைக்கும் நேராக, தரையில் ஊன்றிய இரும்பு பாக்ஸ் பைப் கால்கள். மேலே ஒரு குறுக்குப் பைப், அதில் பட்டை. சுவரில் அடித்தது எல்லாம் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும். மேலே தேக்குப் பலகை போர்த்திவிட்டால் அது நிலையின் நீட்சி மாதிரி அமைந்துவிடும்.

ஸ்விட்ச் போர்டு

கதவு திறந்து நிற்கும் சுவரில் ஸ்விட்ச் போர்டு இருக்கக் கூடாது. இருந்தால், போர்டுக்கு நேர் மேலே துளை போடாதீர்கள். ஒயர் பைப் அந்த வழியாகத்தான் இறங்கும்.

குளியலறைக்கு

வேண்டாம். சுவருக்கும் கதவுக்கும் நடுவில் அரை அங்குலமாவது இடைவெளி இருக்கும். சத்தம், வாடை, வெளிச்சம் எல்லாம் வெளியே வரும். ஏசி போட்ட படுக்கையறைக்கும் இதே கதைதான், குளிர் நிற்காது. கொசு தாராளமாக உள்ளே போகும்.

'எஸ்.எஸ்.' என்றால் துருப்பிடிக்காது என்று நம்புவது

கடலோரத்தில் இது பெரிய ஏமாற்றம். எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற பெயரில் 202 ரகமும் விற்கிறது, உப்புக்காற்றில் அது சீக்கிரம் பழுப்பேறும். 202-ஐயும் அதைவிட நல்ல 304-ஐயும் காந்தம் வைத்துப் பிரித்தறிய முடியாது. பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கடலுக்கு ரொம்பப் பக்கத்து வீடு என்றால் மாலிப்டினம் கலந்த 316 கேளுங்கள், விலை கூடத்தான். கறுப்புப் பவுடர் கோட்டிங் பட்டைதான் வேண்டும் என்றால், சக்கரம் உரசும் மேல் விளிம்பையும் போல்ட் துளைகளையும் அடிக்கடி பாருங்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

பலகைகளை இறுக்கிச் சேர்ப்பது

சித்திரை வெயிலில் காய்ந்த பலகைகளை இடைவெளியில்லாமல் நெருக்கி, குறுக்குச் சட்டத்தில் பசையும் ஆணியும் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை அகலவாக்கில் ஊதும். இடமில்லாததால் கதவு வயிறு தள்ளி, சுவரில் உரசும். பண்ருட்டிப் பலா என்றாலும் தேக்கு என்றாலும் பலகைகளின் ஓரத்தில் காடி (பள்ளம்) வெட்டி ஒன்றுக்குள் ஒன்று சேர்த்து, ஒரு மயிரிழை இடம் விடுங்கள். பசை வேண்டாம், திருகு போதும். பாலிஷ் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஏற வேண்டும். கதவின் தலையையும் அடியையும் யாரும் பூசுவதில்லை, ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

கீழ் கைடு

கதவின் அடியை ஆடாமல் பிடிக்கும் துண்டு இது. இல்லாவிட்டால் கதவு ஊஞ்சலாடும். கிரானைட்டையோ பழைய தரையையோ துளைக்க வேண்டாம், சுவரில் பூட்டும் வகை கிடைக்கிறது.

கதவுத் தலையில் வரும் வட்டத் துண்டுகள்

பெட்டியில் சின்னதாக இரண்டு கிடக்கும். எதற்கென்று தெரியாமல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சக்கரம் பட்டையைவிட்டு எகிறாமல் தடுப்பவை அவைதான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவற்றை மாட்டாமல் கதவை ஒப்படைக்காதீர்கள்.